அக்டோபரில் ஒருநாள் பங்களிப்புப் பட்டறை: 60 பேர், ஒரு லேப், என்னென்ன ஏற்பாடு வேண்டும்?

சாரல்_நெட் | செப்டம்பர் 5, காலை 9:12

எல்லாருக்கும் வணக்கம். நிரலை யாரும் பார்த்துத் திருத்தக்கூடிய கட்டற்ற மென்பொருளுக்குப் பங்களிக்கச் சொல்லி ஆண்டுதோறும் அக்டோபரில் நடக்கும் ஹாக்டோபர்ஃபெஸ்ட்டை ஒட்டி, அந்த மாதம் மூன்றாம் சனிக்கிழமை ஒருநாள் பட்டறை வைக்கிறோம். இடம் ஒரு பொறியியல் கல்லூரி லேப். 60 பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள், பெரும்பாலும் இரண்டாம், மூன்றாம் ஆண்டு. பைதானோ ஜாவாஸ்கிரிப்டோ ஓரளவு தெரியும், கிட் (நிரலின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவி) அரைகுறை. சொந்த லேப்டாப்போடு வருவார்கள்.

இப்போதைய திட்டம்: காலையில் கட்டற்ற மென்பொருள் பற்றி இரண்டு மணி நேரப் பேச்சு, அடுத்து கிட் வகுப்பு, மதியம் ஆளுக்கு 4 புல் ரிக்வெஸ்ட் (பி.ஆர்., அதாவது 'என் திருத்தத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள்' என்ற வேண்டுகோள்), மாலையில் அதிகம் அனுப்பியவருக்குப் பரிசு. எங்கே ஓட்டை இருக்கிறது என்று சொல்லுங்கள். "எத்தனை பி.ஆர். போனது" என்று கல்லூரி கணக்குக் கேட்கும். அதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

பொறுமைக்_கடல் | செப்டம்பர் 5, காலை 10:05

60 பெருக்கல் 4, 240. யார் உட்கார்ந்து பார்ப்பது? முதலில் இந்தக் கணக்கைப் போடுங்க, மற்றதெல்லாம் அப்புறம்.

சின்ன பி.ஆர். ஒன்றை ஒழுங்காகப் படித்து, இறக்கி ஓட்டிப் பார்த்து, கருத்து எழுத 20 நிமிடம். அனுப்பியவர் புதியவர் என்றால் திருத்தி வந்ததை மறுபடி பார்க்க இன்னொரு 10. ஆக அரை மணி. ஒரு திட்டத்தில் மெயின்டெய்னர் (அதைப் பராமரித்து, வரும் திருத்தங்களை ஏற்பவர்) இரண்டு பேர் அன்று மூன்று மணி நேரம் ஒதுக்கினால் 12 பி.ஆர். பார்க்கலாம். மூன்று திட்டங்கள் கிடைத்தால் 36. இரண்டு பேருக்கு ஒன்று என்று ஜோடியாக உட்கார வைத்தால் 60 பேருக்கு 30 வரும், கொள்ளளவுக்குள் அடங்கிவிடும். ஆளுக்கு நான்கு எந்தக் கணக்கிலும் அடங்காது.

அதனால் வேலை வரிசையைத் திருப்பிப் போடுங்க: முதலில் மெயின்டெய்னர், பிறகு இஷ்யூ (சரிசெய்ய வேண்டிய பிழை அல்லது வேலையின் குறிப்பு), கடைசியில் ஆள். நீங்கள் ஆளில் ஆரம்பித்துவிட்டீர்கள், பரவாயில்லை, ஆறு வாரம் இருக்கிறது. இந்த வாரமே திட்டங்களுக்கு எழுதுங்க. அவர்களுடைய மெயிலிங் லிஸ்டோ அரட்டை அறையோ இருந்தால் அங்கே, இல்லாவிட்டால் கிட்ஹப்பில் (நிரல்களை வைத்துப் பகிரும் தளம்) அதன் டிஸ்கஷன்ஸ் பக்கத்தில். தேதி, நேரம், எத்தனை பேர், அதிகபட்சம் எத்தனை பி.ஆர்., உங்கள் பக்கம் முதல் பார்வை பார்ப்பவர் யார், எல்லாம் ஒரே பத்தியில் அடங்கட்டும். பதில் வராத திட்டத்தை விட்டுவிடுங்க. மௌனத்தைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு முப்பது பேரை ஏவிவிடுவதுதான் இந்த மாதிரி நிகழ்வுகளுக்குக் கெட்ட பெயர் வாங்கித் தந்தது.

திட்டம் தேர்ந்தெடுக்கும்போது நட்சத்திர எண்ணிக்கையை (விருப்பக்குறி மாதிரி) பார்க்காதீங்க. கடைசியாக மெர்ஜ் ஆன (ஏற்றுச் சேர்த்த) பத்து பி.ஆர்.களைத் திறந்து, வெளியாள் அனுப்பியதற்கு முதல் பதில் எத்தனை நாளில் வந்தது என்று பாருங்க. ஒரு வாரத்துக்குமேல் என்றால் உங்களுக்கு ஆகாது. புது லேப்டாப்பில் குளோன் செய்ததிலிருந்து (நிரலின் நகலை இறக்கியதிலிருந்து) அதன் தானியங்கிச் சோதனையான டெஸ்ட் ஓடி முடியும்வரை கடிகாரம் வைத்துப் பாருங்க. 30 நிமிடத்தைத் தாண்டினால் அதுவும் ஆகாது. பெரிய பெயருள்ள திட்டங்கள் இந்த இரண்டாவது சோதனையிலேயே விழுந்துவிடும்.

சாரல்_நெட் | செப்டம்பர் 5, காலை 11:40

சரிதான் சார், 240 என்று யோசிக்கவே இல்லை. ஆனால் ஹாக்டோபர்ஃபெஸ்ட் விதியே நான்கு பி.ஆர். தானே? அதனால்தான் அப்படி எழுதினேன்.

பழைய_பென்குயின் | செப்டம்பர் 5, பகல் 1:22

அந்த எண் கல்லில் வெட்டினது இல்லை தம்பி. 2014-இல் டிஜிட்டல்ஓஷன் என்ற கிளவுட் நிறுவனம் முதல்முறை நடத்தியபோது கேட்டது 50 கமிட் (கிட்டில் பதிந்த மாற்றம்). கலந்துகொண்டவர்கள் 676 பேர். அடுத்த ஆண்டு 4 புல் ரிக்வெஸ்ட் ஆனது, 2018-இல் 5, 2019-இல் மறுபடி 4. இந்த ஆண்டு எத்தனை என்பதை அவர்கள் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள், பழைய பதிவுகளை நம்பாதீர்கள்.

முக்கியமானது 2020. முடிக்கும் முதல் 70,000 பேருக்கு டீ-ஷர்ட் என்றார்கள். எந்தப் பொது ரெப்போவுக்கு (திட்டத்தின் நிரல் களஞ்சியம்) அனுப்பினாலும் கணக்கு. ரீட்மீ என்ற அறிமுகக் கோப்பில் ஒரு உரிச்சொல்லைச் செருகி எப்படி பி.ஆர். அனுப்புவது என்று ஒரு யூடியூப் காணொளி காட்டிக்கொடுத்தது. அக்டோபர் 1 விடிந்ததும் உலகம் முழுக்க மெயின்டெய்னர்களின் பெட்டியில் "இம்ப்ரூவ் டாக்ஸ்" மழை. அக்டோபர் 3-ஆம் தேதியே விதியை மாற்றினார்கள்: ரெப்போ தானாக முன்வந்து 'ஹாக்டோபர்ஃபெஸ்ட்' என்ற டாபிக்கை (குறிச்சொல்லை) போட்டிருக்க வேண்டும். அனுப்பியதோடு நிற்காமல் மெர்ஜ் ஆகவோ ஒப்புதல் பெறவோ வேண்டும். இவை இல்லாவிட்டால் மெயின்டெய்னர் அந்த பி.ஆருக்கு 'ஹாக்டோபர்ஃபெஸ்ட்-அக்செப்டட்' லேபிள் ஒட்ட வேண்டும். 2023-இல் டீ-ஷர்ட்டையே எடுத்துவிட்டு டிஜிட்டல் பேட்ஜ் கொடுத்தார்கள்.

ஆக, நீங்கள் பிடிக்கும் திட்டத்தில் அந்த டாபிக்கோ லேபிளோ இல்லையென்றால் மாணவர்களின் உழைப்பு அந்தக் கணக்கில் ஏறாது. மெயின்டெய்னரிடம் முன்கூட்டியே கேளுங்கள். ரெப்போ முழுக்க டாபிக் போட அவர் தயங்கினால் (தயங்குவார், அக்டோபர் முழுக்கக் கண்டவர்களும் வருவார்கள்), உங்கள் பி.ஆர்.களுக்கு மட்டும் லேபிள் ஒட்டினால் போதும் என்று சொல்லுங்கள். அதற்கு டாபிக் தேவையில்லை.

அரியர்_எக்ஸ்பிரஸ் | செப்டம்பர் 5, மாலை 4:50

எல்லாரும் டீ-ஷர்ட்டைத் திட்டுறீங்க. பரிசு இல்லைன்னா சனிக்கிழமை எவன் காலேஜுக்கு வருவான்? முதல் பி.ஆர். எதுவா இருந்தா என்ன, எழுத்துப்பிழை திருத்தினாக்கூட ஃபோர்க் (நம்ம கணக்குல ஒரு நகல்), பிரான்ச் (தனிக் கிளை), கமிட், புஷ் (கிட்ஹப்ல ஏத்துறது) எல்லாம் கை பழகுதில்ல? எடுத்த எடுப்பிலேயே பெரிய பக் சரி பண்ணச் சொன்னா பாதிப் பேர் லஞ்சுக்கு அப்புறம் காணாமப் போயிடுவாங்க.

பொறுமைக்_கடல் | செப்டம்பர் 5, மாலை 6:15

கை பழகணும், ஒத்துக்கிறேன் தம்பி. பழகும் இடம் அடுத்தவர் ரெப்போவாக இருக்கக் கூடாது, அவ்வளவுதான். எக்ஸ்பிரஸ்.ஜேஎஸ் என்ற ஜாவாஸ்கிரிப்ட் திட்டத்தின் ரெப்போவுக்கு நேர்ந்ததைத் தேடிப் பாருங்க. ஒரு பாடக் காணொளியில் பி.ஆர். அனுப்புவதற்கு அதை உதாரணமாகக் காட்டப்போய், ரீட்மீயில் தன் பெயரைச் சேர்க்கும் பி.ஆர்.கள் மாதக்கணக்கில் வந்துகொண்டே இருந்தன. ஒவ்வொன்றுக்கும் அந்த ரெப்போவைப் பின்தொடரும் அத்தனை பேருக்கும் மின்னஞ்சல் போகும்.

கிட்டு_கமிட் | செப்டம்பர் 5, இரவு 9:31

இரண்டு பேர் சொல்வதும் சரி. தீர்வு எளிது: பயிற்சிக்கென்று உங்கள் குழுவின் பெயரில் ஒரு ரெப்போ திறங்கள். முதல் பி.ஆர். அங்கே. அதில் ஒரு நுணுக்கம் உண்டு. "ரீட்மீயில் உங்கள் பெயரைச் சேருங்கள்" என்று வைத்தால் 60 பேரும் ஒரே வரியில் கை வைப்பார்கள், முதல் ஆளைத் தவிர மற்ற 59 பேருக்கும் கான்ஃப்ளிக்ட், அதாவது திருத்தங்கள் மோதும். ஆளுக்கு ஒரு புதுக் கோப்பு என்று வையுங்கள், கோப்பின் பெயர் அவர்கள் கிட்ஹப் பயனர்பெயர். மோதலே வராது. அது முடிந்த பிறகு கான்ஃப்ளிக்ட் தீர்ப்பதைக் கற்றுக்கொடுக்க வேண்டுமென்றே ஒரு கோப்பை ஜோடி ஜோடியாகத் திருத்தச் சொல்லலாம்.

இதைப் பட்டறை நாளில் செய்யாதீர்கள். ஒரு வாரம் முன்பு, மாலையில் இரண்டு மணி நேரம் ஆன்லைனில். அன்று முடிக்க வேண்டியவை:

கிட்ஹப் கணக்கு. அதே நாளில் ஒரே கல்லூரி ஐபி-யிலிருந்து 60 புதுக் கணக்கு திறந்தால் புதிர்ச் சோதனை மேல் சோதனை வரும், சில கணக்குகள் சந்தேகத்தில் முடங்கும். அவரவர் வீட்டிலிருந்து திறக்கட்டும். இரட்டை அடுக்குச் சரிபார்ப்பும் அன்றே. மீட்புக் குறியீடுகளைப் பதிவிறக்கி வைக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் போனை மறந்துவிட்டு வரும் ஒருவர் நாள் முழுக்க வேடிக்கைதான் பார்ப்பார்.

உள்நுழைவு. புஷ் செய்யும்போது கணக்கின் கடவுச்சொல்லைக் கொடுத்தால் கிட்ஹப் ஏற்காது, 2021 ஆகஸ்ட் 13-ஓடு அது நின்றுவிட்டது. எஸ்எஸ்ஹெச் சாவி (லேப்டாப்பில் வைக்கும் ரகசியக் கோப்பு) அல்லது பர்சனல் ஆக்சஸ் டோக்கன் (கடவுச்சொல்லுக்குப் பதிலான நீண்ட குறியீடு) வேண்டும். புதியவர்களுக்கு எளியது கிட்ஹப்பின் கமாண்ட் லைன் கருவியை நிறுவி பிரவுசர் வழியாக உள்நுழைவது. எஸ்எஸ்ஹெச் என்றால், கல்லூரி நெட்வொர்க்கில் அது பயன்படுத்தும் 22-ஆம் போர்ட் (இணைப்பு வாசல்) அடைத்திருக்க வாய்ப்பு அதிகம். கிட்ஹப் 443-ஆம் போர்ட்டிலும் எஸ்எஸ்ஹெச் ஏற்கும், ஆனால் அதற்குத் தனி ஹோஸ்ட் பெயர். எஸ்எஸ்ஹெச் கான்ஃபிக் கோப்பில் அந்த ஹோஸ்ட்டையும் போர்ட்டையும் எழுத நான்கு வரி போதும், அச்சடித்துச் சுவரில் ஒட்டுங்கள்.

பெயரும் மின்னஞ்சலும். கிட்டில் கொடுக்கும் மின்னஞ்சல் கிட்ஹப் கணக்கில் சேர்த்ததாக இருக்க வேண்டும், இல்லையென்றால் கமிட் யாருடையது என்று காட்டாது. சொந்த முகவரி வெளியே தெரிய வேண்டாம் என்பவர்களுக்கு கிட்ஹப் தரும் 'நோரிப்ளை' முகவரி இருக்கிறது. இதைப் பெண்களுக்குத் தனியாகச் சொல்லிவிடுங்கள். கமிட் வரலாற்றில் ஒருமுறை போன முகவரி எங்கேயும் அழியாது.

வயர்மேன்_10 | செப்டம்பர் 6, காலை 7:48

லேப் என்றதும் எல்லாரும் மென்பொருளையே பேசறீங்க. கரண்ட்டைப் பாருங்க.

ஒரு லேப்டாப் சார்ஜர் 65 வாட் என்று வைங்க. 60 லேப்டாப் 3,900 வாட். 230 வோல்ட்டில் 17 ஆம்பியர். சாதாரண 6 ஆம்பியர் சுற்று ஒன்று தாங்குவது 1,380 வாட், கணக்குப்படி 21 லேப்டாப். நடைமுறையில் 14-க்கு மேல் மாட்டாதீங்க, அதே சுற்றில் ஃபேனோ டியூப்லைட்டோ இருக்கும். ஆக, குறைந்தது ஐந்து தனிச் சுற்றுகள். லேப் மேசைகளில் ஏற்கெனவே டெஸ்க்டாப் ஓடினால் அவற்றை அணைத்துவிடுங்க. எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் இன்னொரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் மாட்டும் பழக்கத்துக்கு அன்று லீவு. எம்சிபி (சுமை கூடினால் விழும் சுவிட்ச்) எங்கே இருக்கிறது, அந்த அறைச் சாவி யாரிடம் இருக்கிறது என்று முதல் நாளே கேட்டு வைங்க. சனிக்கிழமை எலக்ட்ரீஷியன் இருக்க மாட்டார்.

வைஃபை: வீட்டு ரவுட்டர் ஒன்றில் 60 லேப்டாப்பும் 60 போனும் ஏறினால் படுத்துவிடும். மூன்று ஆக்சஸ் பாயின்ட் (வைஃபை பரப்பும் பெட்டி), 5 கிகாஹெர்ட்ஸ் முதன்மையாக. 2.4-ஐ விடணும் என்றால் சேனல் 1, 6, 11 என்று பிரிச்சு வைங்க. பாதிப் பேருக்கு மேசையிலேயே லேன் கேபிள் கிடைத்தால் அதைவிட நிம்மதி இல்லை. போன்களுக்கு பாஸ்வேர்டு கொடுக்காதீங்க, இரட்டைச் சரிபார்ப்புக் குறியீட்டுக்கு மொபைல் டேட்டாவே போதும்.

கிட்டு_கமிட் | செப்டம்பர் 6, காலை 9:20

வயர்மேன் அண்ணன் சொன்னதோடு சேர்த்து: அன்று இணையத்தில் இறக்கும் அளவைக் குறைப்பதே முதல் வேலை. ஒரு ரெப்போ 300 எம்பி, அதன் சார்பு நூலகங்கள் 500 எம்பி என்றால் 60 பேருக்கு 48 ஜிபி. காலை பத்து மணிக்கு எல்லாரும் ஒரே நேரத்தில் தொடங்குவார்கள்.

ரெப்போவை கிட் பண்டிலாக ஒரே கோப்பில் கட்டி பென் டிரைவில் கொடுங்கள். கட்டும்போது எல்லா ரெஃபரன்சும் (பிரான்ச் பெயர்கள் மாதிரியான சுட்டிகள்) வரும்படி 'ஆல்' விருப்பத்தைச் சேருங்கள். மெயின் பிரான்ச்சை மட்டும் கட்டினால் ஹெட் (எந்த பிரான்ச்சைத் திறப்பது என்ற குறி) இல்லாமல் போய், குளோன் செய்தவருக்குக் கோப்புறை காலியாகத் தெரியும், "ஒண்ணுமே வரலை" என்று வந்து நிற்பார். பண்டிலிலிருந்து குளோன் செய்த பிறகு ஆரிஜினின் (புஷ் போகும் இடம்) முகவரியை அவரவர் ஃபோர்க்குக்கு மாற்ற வேண்டும், அசல் ரெப்போவை அப்ஸ்ட்ரீம் என்று சேர்க்க வேண்டும், ஒரு ஃபெட்ச் (புதியதை இறக்கும் கட்டளை) அடிக்க வேண்டும். அந்த ஃபெட்ச்சில் இடையில் வந்த கமிட்டுகள் மட்டும்தான் இறங்கும்.

டெப்த் 1 போட்டு மேலோட்டமாகக் குளோன் செய்வது வேகம்தான், ஆனால் வரலாறு இருக்காது. பிளேம் (எந்த வரியை யார், எப்போது எழுதினார் என்று காட்டும் கட்டளை) பார்த்து "இந்த வரி ஏன் வந்தது" என்று தேடுவதுதான் புதியவர் கற்க வேண்டிய முதல் பழக்கம், அது கெட்டுப்போகும். பிளாப் (பழைய கோப்புகளின் உள்ளடக்கம்) இல்லாத குளோன் பரவாயில்லை, ஆனால் பழைய கோப்பைத் தொடும்போதெல்லாம் இணையத்துக்கு ஓடும். பண்டில்தான் உங்கள் இடத்துக்குப் பொருத்தம்.

டாக்கர் இமேஜ் (நிரல் ஓடத் தேவையானதையெல்லாம் கட்டிய பொதி) வேண்டிய திட்டம் என்றால் கவனம். அதை இறக்கும் தளமான டாக்கர் ஹப் உள்நுழையாதவர்களுக்கு ஐபி வாரியாக வரம்பு வைத்திருக்கிறது. 60 பேரும் வெளியே ஒரே ஐபி-யாகத்தான் தெரிவீர்கள், வரம்பு தீர்ந்ததுமே மற்றவர்களுக்கு "டூ மெனி ரிக்வெஸ்ட்ஸ்" வரும். கருவிகள் கிட்ஹப்பை அழைக்கும் ஏபிஐயும் அப்படித்தான், உள்நுழையாமல் அழைத்தால் ஐபி-க்கு மணிக்கு 60 தான். இமேஜைக் கோப்பாகச் சேமித்து பென் டிரைவில் கொடுங்கள். எம் வரிசை மேக்புக் வைத்திருப்பவர்களுக்கு ஆர்ம் 64 சிப்புக்கான இமேஜைத் தனியாக எடுக்க வேண்டும், இன்டெல் இமேஜ் அங்கே திணறும்.

என்பிஎம் (ஜாவாஸ்கிரிப்ட் நூலகங்களை நிறுவும் கருவி) திட்டத்துக்கு வெர்டாச்சியோ என்ற உள்ளூர் ரெஜிஸ்ட்ரியை (நூலகக் கிடங்கை) ஒரு மெஷினில் ஏற்றினால் ஒருமுறை இறங்கியது அங்கேயே நிற்கும். இயல்பான போர்ட் 4873. இதில் ஒரு கண்ணி உண்டு: 'இன்ஸ்டால்' அடித்தால் பேக்கேஜ்-லாக் கோப்பில் (எந்த நூலகம், எந்தப் பதிப்பு என்ற பட்டியல்) நூலக முகவரிகள் உங்கள் உள்ளூர் ஐபி-யாகப் பதிவாகிவிடலாம். அது பி.ஆரில் போனால் உலகத்தில் வேறு யாருக்கும் பில்ட் ஆகாது. 'சிஐ' கட்டளையை மட்டும் பயன்படுத்தச் சொல்லுங்கள், அது லாக் கோப்பைத் தொடாது.

வயர்மேன்_10 | செப்டம்பர் 6, காலை 9:44

அந்த வெர்டாச்சியோ மெஷினை லேன் கேபிளில் மாட்டுங்க. கல்லூரியின் கெஸ்ட் வைஃபையில் கிளையன்ட் ஐசொலேஷன் போட்டிருந்தால் ஒரு லேப்டாப்பிலிருந்து இன்னொரு லேப்டாப்பைத் தொடவே முடியாது. பிங் கூடப் போகாது, சர்வர்மேல் பழி போட்டு ஒரு மணி நேரம் போய்விடும். முதல் நாள் இரண்டு லேப்டாப் வைத்து அங்கேயே சோதிச்சுடுங்க.

சாரல்_நெட் | செப்டம்பர் 6, மாலை 5:30

குறித்துக்கொண்டேன் அண்ணா. இரண்டு பைதான் திட்டங்களுக்கும் ஒரு ஜாவாஸ்கிரிப்ட் திட்டத்துக்கும் எழுதிவிட்டேன். அடுத்த சந்தேகம்: இஷ்யூக்களை எப்படித் தயாரிப்பது? 'குட் ஃபர்ஸ்ட் இஷ்யூ' (புதியவருக்கு ஏற்றது) என்று லேபிள் உள்ளதை எடுத்துக் கொடுத்தால் போதுமா?

பொறுமைக்_கடல் | செப்டம்பர் 7, காலை 8:10

போதாது. அந்த லேபிளில் பாதி இரண்டு வருடத்துக்கு முன் ஒட்டினது. யாரோ "அசைன் மீ" (எனக்கு ஒதுக்குங்க) என்று எழுதிவிட்டுப் போயிருப்பார், அல்லது வேறொரு மாற்றத்தில் அது ஏற்கெனவே சரியாகியிருக்கும். உங்கள் வழிகாட்டிகள் ஒவ்வொன்றையும் இன்றைய மெயின் பிரான்ச்சில் ஓட்டி, பிழை இன்னும் இருக்கிறதா என்று பார்க்கணும். இருப்பதை மட்டும் எடுத்து, மெயின்டெய்னர் அனுமதியோடு அதன் விவரத்தை விரித்து எழுதணும்.

நல்ல இஷ்யூ என்றால் என்ன? எந்தக் கோப்பு, எந்த ஃபங்ஷன். இப்போது என்ன நடக்கிறது, என்ன நடக்கணும். எந்த டெஸ்டை ஓட்டினால் சரியானது தெரியும். எதைத் தொடக் கூடாது. இந்த நான்கும் இருந்தால் ஒரு ஜோடி இரண்டு, மூன்று மணி நேரத்தில் முடிக்கும். வழிகாட்டி அதை எப்படிச் சரிசெய்வது என்று மனதில் அறிந்திருக்கணும், ஆனால் பேட்ச்சை (திருத்திய நிரலை) எழுதி வைக்கக் கூடாது. எழுதி வைத்தால் மதியத்துக்குமேல் பொறுமை இழந்து அதையே கொடுத்துவிடுவார்.

30 ஜோடிக்கு 40 இஷ்யூ வேண்டும். சில இஷ்யூ தொட்ட பிறகுதான் ஆழம் தெரியும், மாற்று கையில் இருக்கணும். கூகுள் ஷீட்டில் ஒரு பட்டியல்: இஷ்யூ எண், எடுத்த ஜோடி, எடுத்த நேரம், வழிகாட்டி. 45 நிமிடம் நகராமல் நின்றால் வழிகாட்டி போய் உட்காரணும், 90 நிமிடத்தில் மாற்று இஷ்யூ. வழிகாட்டி ஏழு எட்டுப் பேருக்கு ஒருவர், ஆக உங்களுக்கு எட்டுப் பேர். அந்த எட்டுப் பேரும் அந்தத் திட்டத்தைத் தங்கள் லேப்டாப்பில் ஒருமுறையாவது ஓட்டியிருக்கணும். இல்லாவிட்டால் அவர்களையும் மாணவராகவே எண்ணிக்கொள்ளுங்க.

இன்னொன்று. புதியவரின் முதல் பி.ஆருக்கு, டெஸ்டை ஓட்டும் சேவையான கிட்ஹப் ஆக்‌ஷன்ஸ் தானாக ஓடாது. மெயின்டெய்னர் ஒப்புதல் பொத்தானை அழுத்தணும். கிரிப்டோ சுரங்கக்காரர்கள் ஆக்‌ஷன்ஸைத் துஷ்பிரயோகம் செய்ததால் 2021-இல் வந்த ஏற்பாடு. "டெஸ்ட் ஓடலையே, தப்புப் பண்ணிட்டேனா" என்று மாணவர்கள் பதறுவார்கள். முன்பே சொல்லிவிடுங்க. மெயின்டெய்னரிடமும், அன்று அந்தப் பொத்தானை அரை மணிக்கொருமுறை பார்க்கச் சொல்லுங்க.

பழைய_பென்குயின் | செப்டம்பர் 7, காலை 10:02

அந்த மெயின்டெய்னர் ஜெர்மனியிலோ பிரான்சிலோ இருந்தால் நேரத்தைப் பாருங்கள். அக்டோபர் கடைசி ஞாயிறுவரை நமக்கும் அவர்களுக்கும் மூன்றரை மணி நேர வித்தியாசம். நீங்கள் காலை 10-க்குத் தொடங்கும்போது அங்கே 6:30, சனிக்கிழமை வேறு. பகல் 1:30-க்குமேல்தான் ஆள் வருவார். அமெரிக்கக் கிழக்குக் கரை என்றால் உங்கள் பட்டறை முழுக்க அங்கே நள்ளிரவும் விடியற்காலையும்தான், அதை எடுக்காதீர்கள்.

அப்படிப் பார்த்தால் அன்றைய நாள் இப்படி விழும்: 10 மணிக்கு இருபது நிமிட வரவேற்பு (இரண்டு மணி நேரப் பேச்சை வெட்டுங்கள், கட்டற்ற மென்பொருள் என்றால் என்ன என்பது முதல் ரிவ்யூ கருத்து வரும்போது தானாகப் புரியும்), 10:20-க்கு இஷ்யூ பிரிப்பு, 1 மணிவரை வேலை, 1:45-க்கு முதல் பி.ஆர்.கள், 2 முதல் 5 வரை ரிவ்யூவும் திருத்தமும். மாலை 4-க்குமேல் புது பி.ஆர். திறக்க விடாதீர்கள், பார்க்க நேரமிருக்காது.

கிட்டு_கமிட் | செப்டம்பர் 7, பகல் 12:36

பி.ஆர். போகும் முன் வழிகாட்டி பார்க்க வேண்டியவற்றையும் சொல்லிவிடுகிறேன். மூன்று வரி மாற்றத்துக்கு 800 வரி டிஃப் (மாறிய வரிகளின் பட்டியல்) வந்தால் இரண்டே காரணம்தான். ஒன்று, விண்டோஸில் வரி முடிவுக் குறி மாறியிருக்கும். இரண்டு, எடிட்டர் சேமிக்கும்போதே கோப்பு முழுவதையும் தன் ரசனைக்கு அடுக்கியிருக்கும். முதலாவதற்கு கிட்டின் 'ஆட்டோசிஆர்எல்எஃப்' அமைப்பைச் சரிசெய்ய வேண்டும், இரண்டாவதற்கு சேமிக்கும்போது ஃபார்மட் செய்வதை அந்தக் கோப்புறைக்கு மட்டும் நிறுத்த வேண்டும். டிஃபைக் கண்ணால் பார்க்காமல் யாரும் கமிட் அடிக்கக் கூடாது என்று விதி வையுங்கள்.

ஃபோர்க்கின் மெயின் பிரான்ச்சிலேயே வேலை செய்தால் இரண்டாவது பி.ஆரில் முதலாவதின் கமிட்டுகளும் சேர்ந்து போகும். இஷ்யூவுக்கு ஒரு பிரான்ச். பின்தங்கினால் அப்ஸ்ட்ரீமை மெர்ஜ் செய்யாமல் ரீபேஸ் (உங்கள் கமிட்டுகளைப் புதியவற்றின் மேல் மாற்றி அடுக்குவது), பிறகு 'ஃபோர்ஸ் வித் லீஸ்' புஷ் (மற்றவர் இடையில் ஏற்றியிருந்தால் மறுக்கும் கட்டாய புஷ்). வெறும் ஃபோர்ஸ் வேண்டாம், ஜோடியில் மற்றவர் புஷ் செய்ததை அழித்துவிடும். ஜோடியாக எழுதியதில் இரண்டாமவர் பெயர் விடுபடாமல் இருக்க, கமிட் செய்தியின் கடைசியில் ஒரு வெற்று வரி விட்டு 'கோ-ஆதர்ட்-பை' வரி சேர்க்க வேண்டும். ஆனால் ஹாக்டோபர்ஃபெஸ்ட் கணக்கு பி.ஆர். திறந்தவருக்கு மட்டும்தான்.

சில திட்டங்கள் ஒவ்வொரு கமிட்டிலும் 'சைன்ட்-ஆஃப்-பை' (இதைத் தர எனக்கு உரிமை உண்டு என்ற உறுதி) வரி கேட்கும், அது இல்லாவிட்டால் சோதனை சிவப்பாகவே நிற்கும். கமிட் கட்டளையில் சின்ன 'எஸ்' விருப்பம் போதும். மறந்தால் ரீபேஸில் 'சைன்ஆஃப்' விருப்பத்தோடு மொத்தமாகச் சேர்க்கலாம். பங்களிப்பாளர் உரிம ஒப்பந்தம் கேட்கும் திட்டம் என்றால் அதைப் படித்துப் பார்க்க நேரம் கொடுங்கள், கண்ணை மூடிக் கையெழுத்துப் போடப் பழக்காதீர்கள்.

அரியர்_எக்ஸ்பிரஸ் | செப்டம்பர் 7, மாலை 3:15

ஒண்ணு கேக்கணும். எல்லார் லேப்டாப்லயும் ஏஐ இருக்கு. இஷ்யூவ ஒட்டினா பேட்ச் வந்துடும். அதுக்கு என்ன பண்ணுவீங்க? தடை போட்டாலும் போன்ல பாப்பாங்க.

பொறுமைக்_கடல் | செப்டம்பர் 7, மாலை 5:40

தடையா இல்லையா என்பது திட்டத்தின் முடிவு, நம்முடையது இல்லை. ஜென்டூ லினக்ஸ் திட்டம் 2024 ஏப்ரலில் ஏஐ எழுதிய பங்களிப்பே கூடாது என்றது. அடுத்த மாதம் நெட்பிஎஸ்டி இயங்குதளத் திட்டமும் ஏறக்குறைய அதே நிலைக்கு வந்தது. வேறு சில திட்டங்கள் பயன்படுத்தியதைச் சொன்னால் போதும் என்கின்றன. கான்ட்ரிபியூட்டிங் கோப்பை (திட்டத்தின் பங்களிப்பு விதிகள்) படித்து மூன்று திட்டத்துக்கும் விதியைக் கரும்பலகையில் எழுதிவிடுங்க.

உங்கள் பக்கம் ஒரு விதி போதும்: பி.ஆர். திறப்பதற்கு முன் வழிகாட்டி டிஃபில் ஏதாவது ஒரு வரியைத் தொட்டு "இது ஏன்?" என்று கேட்பார். ஜோடியில் இரண்டு பேருமே பதில் சொல்லணும். சொல்ல முடியாத பேட்ச் வெளியே போகாது. ஏஐ எழுதியதா, ஸ்டாக் ஓவர்ஃப்ளோ கேள்வி-பதில் தளத்திலிருந்து எடுத்ததா என்று துப்பறிய வேண்டாம். ரிவ்யூ கருத்துக்கு ஏஐ பதிலை ஒட்டுவதை மட்டும் கண்டிப்பாக நிறுத்துங்க. கர்ல் (தரவிறக்கக் கருவி) திட்டத்தின் மெயின்டெய்னர் டேனியல் ஸ்டென்பெர்க் 2024 ஜனவரியிலேயே இந்தத் தொல்லையைப் பற்றி எழுதிவிட்டார். அழகான ஆங்கிலத்தில் பிழை அறிக்கை வரும், கேள்வி கேட்டால் இன்னும் அழகான ஆங்கிலத்தில் சம்பந்தமில்லாத பதில் வரும். மெயின்டெய்னரின் நேரம் அங்கேதான் கரைகிறது.

சொல்லேருழவி | செப்டம்பர் 7, இரவு 8:55

நிரல் எழுத வராதவர்களும் 60 பேரில் ஏழெட்டுப் பேர் இருப்பார்கள். அவர்களைத் தமிழாக்கத்துக்கு அனுப்புவது வழக்கம், ஆனால் அதிலும் தயாரிப்பு வேண்டும்.

வெப்லேட் என்ற மொழிபெயர்ப்புத் தளத்தில் தமிழாக்கம் செய்தால் கமிட்டில் உங்கள் பெயர் வரும், பி.ஆரை மட்டும் வெப்லேட்டின் கணக்கு திறக்கும். ஹாக்டோபர்ஃபெஸ்ட் எண்ணிக்கையில் அது ஏறாது என்று முன்பே சொல்லிவிடுங்கள், மாலையில் ஏமாற்றம் வேண்டாம். ஃபயர்பாக்ஸ் தரும் மொசில்லாவின் மொழிபெயர்ப்புத் தளமான பான்டூனில் புதியவர் எழுதுவது பரிந்துரையாகத்தான் நிற்கும், தமிழ்க் குழுவில் ஒப்புதல் உரிமை உள்ளவர் பார்க்க வேண்டும். 200 சரத்தை (மொழிபெயர்க்கும் வாசகத் துண்டு) குவித்துவிட்டுப் போனால் அவை மாதக்கணக்கில் கிடக்கும். அந்த உரிமை உள்ள ஒருவரை அன்று இணையத்தில் இருக்கக் கேளுங்கள். பொறுமைக்_கடல் சார் போட்ட கணக்கு இங்கேயும் அதேதான்.

சொல் பட்டியல் ஒன்றை முதலில் அச்சடித்துக் கொடுங்கள். ஃபைல் 'கோப்பு' என்றால் ஃபோல்டர் 'கோப்புறை'யா 'அடைவா' என்று அந்தத் திட்டத்தில் ஏற்கெனவே என்ன இருக்கிறதோ அதையே தொடர வேண்டும். ஏழு பேர் ஏழு விதமாக எழுதினால் மெனு படிக்க முடியாது. பொத்தானில் 'சேமி' என்றா 'சேமிக்கவும்' என்றா? எதுவானாலும் ஒன்றே. என் ஓட்டு 'சேமி'க்கு, பொத்தானில் இடமும் மிச்சம்.

பிஓ கோப்பில் (மொழிபெயர்ப்புகள் இருக்கும் கோப்பு) நேரடியாக வேலை செய்தால்: சதவீதக் குறியோடு வரும் இடநிரப்பிகளை (பெயரோ எண்ணோ பிறகு வந்து அமரும் குறிகள்) மொழிபெயர்க்கவோ விடவோ கூடாது. ஆங்கிலத்தில் இரண்டு இடநிரப்பி இருந்து தமிழில் வரிசை மாறினால் (பெரும்பாலும் மாறும், நம் வினைச்சொல் கடைசியில்தானே வரும்), எண்ணிட்ட இடநிரப்பியாக எழுத வேண்டும், இல்லாவிட்டால் கோப்பின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் எண்ணிக்கை வந்து நிற்கும். சமர்ப்பிக்கும் முன் எம்எஸ்ஜிஎஃப்எம்டி கருவியைச் சோதனை விருப்பத்தோடு ஓட்டுங்கள், இதில் பெரும்பாலானவை அதிலேயே சிக்கும். 'ஃபஸ்ஸி' (சரிபார்க்க வேண்டியது) குறி உள்ள வரிகள் மென்பொருளில் தோன்றாது. சரிபார்த்த பிறகு அந்தக் குறியை எடுக்க மறக்காதீர்கள்.

இன்னொரு தொல்லை கண்ணுக்கே தெரியாது. 'கொ' என்ற எழுத்தை ஒற்றைக் கொம்பும் காலும் தனித்தனிக் குறிகளாகச் சேர்த்தும் எழுதலாம், ஒரே குறியாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே. தேடினால் ஒன்று அகப்படும், மற்றது அகப்படாது. யூனிகோடின் என்எஃப்சி (ஒரே குறியாக இணைக்கும்) வடிவத்துக்கு மாற்றும் சின்ன பைதான் ஸ்கிரிப்ட்டை எல்லாக் கோப்பிலும் ஒருமுறை ஓட்டிவிட்டு அனுப்புங்கள். பழைய வரிகளையும் அது மாற்றினால் அதைத் தனிக் கமிட்டாக வையுங்கள்.

சாரல்_நெட் | செப்டம்பர் 8, காலை 9:25

அக்கா, அந்த 'கொ' விஷயம் புதுசு, நன்றி. மூன்று திட்டங்களில் இரண்டு சம்மதித்துவிட்டன. ஒன்று "15 பி.ஆருக்கு மேல் வேண்டாம்" என்று நிபந்தனை போட்டது, இன்னொன்று 10. ஆக 25. நிரல் பக்கத்தை 50 பேரோடு மூடிவிட்டேன், மீதிப் பேருக்குத் தமிழாக்க மேசை. கல்லூரிக்கு என்ன எண் கொடுப்பது என்பதுதான் பாக்கி.

பழைய_பென்குயின் | செப்டம்பர் 8, காலை 11:11

மூன்று எண் கொடுங்கள். திட்டத்தை முழுசாக ஓட்டிப் பார்த்தவர்கள் எத்தனை பேர், நவம்பர் 15-க்குள் மெர்ஜ் ஆனது எத்தனை, அதற்குள் இரண்டாவது பி.ஆர். அனுப்பியவர்கள் எத்தனை பேர். மூன்றாவது எண் சின்னதாகத்தான் இருக்கும், இரண்டோ மூன்றோ. அதை மறைக்காமல் கொடுங்கள், அடுத்த ஆண்டு எந்தத் திட்டத்தைப் பிடிப்பது என்று அது சொல்லும். பரிசு தந்தே ஆக வேண்டுமென்றால் அதிகம் அனுப்பியவருக்கு வேண்டாம், தெளிவான பிழை விவரம் எழுதிய ஜோடிக்குக் கொடுக்கலாம். அரியர் தம்பிக்காக ஒரு டீ-ஷர்ட்டும் அடித்துவிடுங்கள், வருகிற எல்லாருக்கும், நிபந்தனை இல்லாமல்.

அரியர்_எக்ஸ்பிரஸ் | செப்டம்பர் 8, காலை 11:13

எல் சைஸ்.

பொறுமைக்_கடல் | செப்டம்பர் 8, பகல் 2:00

முடியாமல் நிற்கும் பி.ஆர்.களையும் இப்போதே யோசிங்க. திங்கட்கிழமை மாணவர்கள் இன்டர்னல் தேர்வுக்குப் போய்விடுவார்கள், ரிவ்யூ கருத்து செவ்வாய் வரும், யாரும் பார்க்க மாட்டார்கள். ஒவ்வொரு பி.ஆருக்கும் ஒரு வழிகாட்டி பெயர் இருக்கணும். பத்து நாள் பதிலில்லை என்றால் அவர் முடிக்கணும், அல்லது நன்றி சொல்லி மூடி, இஷ்யூவை விடுவிக்கணும். பி.ஆர். திறக்கும்போது 'மெயின்டெய்னர்கள் திருத்தலாம்' என்ற பெட்டியில் டிக் இருக்கட்டும். கடைசி ஒரு வரித் திருத்தத்தை அவரே செய்து மெர்ஜ் பண்ணிவிடுவார்.

சாரல்_நெட் | செப்டம்பர் 8, மாலை 6:42

எட்டு வழிகாட்டிகளுக்கும் பி.ஆர். பிரித்து ஷீட்டில் ஒரு நெடுவரிசை சேர்த்துவிட்டேன் சார். பென் டிரைவ் பத்து வாங்குகிறேன், 32 ஜிபி. அப்படியே பண்டிலையும் டாக்கர் இமேஜையும் போட்டுவிடலாமா?

வயர்மேன்_10 | செப்டம்பர் 8, மாலை 7:03

எக்ஸ்ஃபேட்டில் ஃபார்மட் பண்ணிட்டுப் போடுங்க. கடையிலிருந்து வரும்போது ஃபேட்32 ஆக இருக்கும், 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒரே கோப்பு அதில் ஏறாது. டாக்கர் இமேஜ் கோப்பு அதைத் தாண்டிடலாம். அப்புறம் டிரைவ்மேல் நம்பர் எழுதி வைங்க, மாலையில் பத்தும் திரும்பி வரணும்ல.